ஊர்ப் பொறுப்பு எந்தத் தலைமுறைக்கு?



நம்ம கூட்டமைப்பின் இருபதாம் ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரணும்னு செயற்குழுவில் என்கிட்ட கேட்டாங்க. எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் என்கிற விவரமெல்லாம் செயலாளர் அறிக்கையிலேயே வந்துவிடும். அதனால் நான் வேறொரு வரலாற்றை எழுதுகிறேன். அதை நம்ம பொதுக்குழுவில் நடந்த ஒரு சண்டையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

உங்களில் பலர் அன்றைக்கு இருந்தீர்கள். வரவு செலவு வாசித்து முடித்ததும், புதிதாகச் சேர்ந்த குழு ஒன்றிலிருந்து வந்த ஒரு சின்னப் பொண்ணு எழுந்தது. கடனில் பிடித்த காப்பீட்டுத் தொகை சில குழுக்களுக்கு இரண்டு தடவை பிடிச்ச மாதிரி தெரியுதே, பாஸ் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டது. கேட்ட உடனே மூத்த உறுப்பினர்கள் பக்கம் சலசலப்பு. "இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு மீட்டிங்குல கூட போன்தான். ஊர் வேலைன்னா ஒண்ணுக்கும் வராதுக. கேள்வி மட்டும் கேக்குதுக" என்று ஒருத்தர் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. "அந்தக் காலத்து அம்மாக்கள் கையெழுத்துப் போடுன்னா போடுவாங்க. எதுக்குன்னு கேக்கத் தெரியாது" என்று.

மூத்தவர்கள் பக்கம் முதலில் பேசியது வேற யாரும் இல்லை, நான்தான். அதை இங்கே ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். அந்தப் பொண்ணு அதற்கப்புறம் மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. நாங்கள் பாஸ் புத்தகங்களை எடுத்துப் பார்த்தபோது அது கேட்டது சரியாகவே இருந்தது. வங்கியில் எழுதிக் கொடுத்தோம், பணம் திரும்ப வந்தது. பணம் வந்துவிட்டது, ஆனால் சொன்ன வார்த்தை அந்தப் பொண்ணு மனசில் கிடந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை. அந்தக் காலத்துப் பெண்கள் உண்மையிலேயே கேள்வி கேட்காதவர்களா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் உண்மையிலேயே ஊரைப் பற்றிக் கவலைப்படாதவர்களா? நடந்த சங்கதிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேர் சொல்லாத பாட்டிகள்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு கொடுக்கலாம் என்று சட்டசபை முடிவெடுத்தது 1921-ல். இந்தியாவில் அப்படி முடிவெடுத்த முதல் மாகாணம் நம்முடையதுதான். ஆனால் சொத்தோ வரியோ இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த ஓட்டு. நம்ம பாட்டிமார் போன்ற கூலிக்காரர்களுக்கும் குடியானவர்களுக்கும் அது எட்டவில்லை. எல்லாருக்கும் ஓட்டு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில்தான்.

அந்தத் தேர்தலில் நடந்த ஒரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. நாடு முழுவதும் சுமார் 8 கோடிப் பெண்களுக்கு ஓட்டுரிமை இருந்தது. அதில் கிட்டத்தட்ட 28 லட்சம் பேரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம், பட்டியல் எடுக்க வந்தவர்களிடம் அவர்கள் தங்கள் சொந்தப் பேரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய மகள்" என்றுதான் பதிவாகியிருந்தது. பேர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. பெரும்பாலும் வடக்கே பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் பக்கம்தான் இப்படி நடந்தது. அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பேரைச் சொல்லிப் பதிந்துகொள்ளத் தொடங்கினார்கள்.

இதைக் கேட்டதும் "பார், அந்தக் காலத்துப் பொம்பளைங்க இப்படித்தான்" என்று சொல்லத் தோன்றும். எங்க அப்பத்தாவும் புருஷன் பேரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. ஆனால் ஓட்டுப் போடும் நாளில் விடியுமுன்னே குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, வாக்குச்சாவடியில் முதல் ஆளாக நிற்கும். யாருக்குப் போட்டாய் என்று தாத்தா கேட்டால் "அது ரகசியம், சர்க்காரே சொல்லியிருக்கு" என்று சொல்லிவிடும். பேர் சொல்லாதது ஊர் வழக்கம். ஓட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதது அப்பத்தாவின் சொந்த முடிவு.

55 வயதில் நடந்து போனவர்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்ற பேர் நமக்குத் திட்டத்தின் பேராகத்தான் தெரியும். 1989-ல் வந்த திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பேர். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக மாதம் 1,000 ரூபாய் தருகிற, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் அவர் பேர்தான் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் பலர் அந்தப் பணத்தில்தான் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் செலவு செய்கிறார்கள். அவர் யார் என்று கேட்டால் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

1883-ல் பிறந்தவர். மயிலாடுதுறை பக்கத்து மூவலூரில் வளர்ந்தவர். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அந்தக் கொடுமையை வைத்து 1936-ல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலும் எழுதினார். பொட்டுக்கட்டுகிற வழக்கத்தை ஒழித்த சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-ல். அதற்குப் பின்னால் சட்டசபையில் வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இருந்தார், ஊர் ஊராக ஏச்சு வாங்கிய இராமாமிர்தம் அம்மாளும் இருந்தார்.

1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்துத் திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்கு சுமார் நூறு பேர் நடந்தே போனார்கள். ஆகஸ்டு 1-ம் தேதி கிளம்பி செப்டம்பர் 11-ம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். 42 நாள் நடை. அந்தப் படையில் போன ஒரே பெண் இராமாமிர்தம் அம்மாள்தான். அப்போது அவருக்கு 55 வயது.

நம்மில் 55 வயதானவர்கள் எத்தனை பேர், "இனிமே என்ன இருக்கு, புள்ளைங்க பாத்துக்கட்டும்" என்று மூலையில் உட்கார்ந்துவிட்டோம்! அதே நேரம், "பாட்டிகளுக்கு என்ன தெரியும்" என்று சொல்கிற இளையவர்களும் அந்த 42 நாளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1989 என்கிற வருஷம்

நம்ம குழுக்களின் கதையில் 1989 முக்கியமான வருஷம். பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அந்த வருஷம்தான் தருமபுரி மாவட்டத்தில் முதன்முதலாகப் பெண்கள் குழுக்களை அமைத்தது. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரிக்குள்ளேயே இருந்தது. அங்கிருந்து சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று வேலை பரவியது. 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்து எல்லா மாவட்டத்துக்கும் குழுக்கள் வந்தன.

அதே 1989-ல்தான் ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது. 61-வது அரசியல் சட்டத் திருத்தம் அது. அந்த நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 18, 19, 20 வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக ஓட்டுப் போட்டார்கள். சின்னப் பசங்களுக்கு எதுக்கு ஓட்டு, சினிமாக்காரனுக்குப் போட்டுவிட்டு வந்துவிடும் என்று பெரியவர்கள் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அந்தச் "சின்னப் பசங்களில்" நானும் ஒருத்தி. இன்றைக்கு நான் பேரன் எடுத்தவள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இன்றைக்குக் கூட்டத்தில் நாம் "மூத்தவர்கள்" என்று சொல்கிறவர்கள்தான் அன்றைக்குப் பொறுப்பில்லாதவர்கள் என்று பேர் வாங்கியவர்கள்.

சைக்கிள் ஓட்டிய மருமகள்கள்

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் 1991-ல் வந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துப் படித்தோம். எழுதப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பெண்கள் நினைத்த இடத்துக்குப் போய் வரணும் என்று சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறதையும் அந்த இயக்கத்தோடு சேர்த்தார்கள். சொல்லிக்கொடுக்கிற தொண்டர்களிலும் பலர் வயசுப் பெண்கள்தான்.

நான் கற்றுக்கொண்டது கடையில் மணிக்கு வாடகை கொடுத்து எடுத்த சைக்கிளில். பொட்டல் காட்டில் விழுந்து முழங்கால் சிராய்ந்து வீட்டுக்கு வந்தபோது, என் மாமியார் எண்ணெய் தடவிவிட்டார். தடவிக்கொண்டே, "சங்கம் படிப்புன்னு ஊர் சுத்துற பொம்பள குடும்பத்துக்கு ஆவாளா? இந்தக் காலத்துப் பொண்டுகளுக்குப் பொறுப்பே கிடையாது" என்றார். கடையில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காது. பார் வைத்த சைக்கிளிலேயே ஓட்டினோம். பிறகு அதுவே நல்லது என்று ஆகிவிட்டது. முன்பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொள்ளலாம்.

பத்திரிகையாளர் சாய்நாத் புதுக்கோட்டைக்கு வந்து இந்தச் சைக்கிள் கதையை எழுதினார். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதை அவர் பதிந்து வைத்திருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு அது ஆச்சரியம். எங்களுக்கு அது வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போகிற வழி. கல்குவாரிகளில் கூலியாக இருந்த பெண்களுக்கே குழுவாக்கிக் குத்தகை கொடுத்ததும் அதே காலத்தில்தான். அதுவரை கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் கணக்கு எழுத வேண்டியிருந்தது. அப்போது அறிவொளியில் படித்த எழுத்து கைகொடுத்தது.

என் மாமியார் சொன்ன அதே வார்த்தையைத்தான் நான் பொதுக்குழுவில் அந்தப் பொண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவர் சைக்கிளைச் சொன்னார், நான் செல்போனைச் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம். நகை, பாத்திரம் மாதிரி இந்தப் பேச்சையும் மாமியாரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறோம்.

பாடப் புத்தகத்திலிருந்து சாராயக் கடைக்கு

அறிவொளி மாதிரியே ஒரு எழுத்தறிவு இயக்கம் பக்கத்து ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்திலும் நடந்தது. அங்கே பெண்கள் படித்த பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை. அவள் ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாராயக் கடையை மூடுகிறாள். கதையைப் படித்த துபகுண்டா கிராமத்துப் பெண்கள், கதையில் வருகிறவள் செய்யலாம் என்றால் நாமும் செய்யலாமே என்று நிஜமாகவே சாராயத்தை ஊரைவிட்டு விரட்டினார்கள். ரோசம்மா என்பவர் அதில் முன்னால் நின்றார். 1992-க்குள் அது பல மாவட்டங்களுக்குப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995-ல் முழு மதுவிலக்கே வந்தது.

1997-ல் அந்த மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு தலைமுறை வாங்கிக் கொடுத்ததை அடுத்து யாராவது காவல் காக்காவிட்டால் அது கைவிட்டுப் போகும்.

"கையெழுத்துப் போடுன்னா போடுவாங்க" என்று நம்ம இளையவர் சொன்னாரே, அதற்குப் பதில் இந்தக் கதையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவே அப்போதுதான் கற்றுக்கொண்ட பெண்கள் முதலில் செய்த காரியமே கேள்வி கேட்டதுதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மதுரை பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை எல்லாருக்கும் தெரியும். வயல் வேலைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போய், அவர்களுக்காகக் கூலி பேசியவர். களஞ்சியம் குழுக்களின் தலைவியாக வளர்ந்தவர். டில்லியில் விருது வாங்கப் போனபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படம் நம்ம பயிற்சிக் கூடத்துச் சுவரில்கூட இருக்கிறது. 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கொடுத்தார்கள்.

நாற்காலி வந்தது, விலையும் வந்தது

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. அதன்படி தமிழ்நாட்டில் முதல் தேர்தல் நடந்தது 1996 அக்டோபரில். 2016-ல் அந்தப் பங்கு பாதியானது.

நாற்காலியில் பெண் உட்கார்ந்தாலும் பேசுவது "தலைவர் வீட்டுக்காரர்" என்கிற நிலைமை பல ஊரில் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எல்லாரையும் அப்படியே சொல்லிவிட முடியாது. மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி என்ற மார்க்சிஸ்ட் கட்சிக்காரர் 1996 தேர்தலில் மாநகராட்சி உறுப்பினரானார். நெசவுக் குடும்பம். குடிதண்ணீரைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த பகுதியில் குழாய்த் தண்ணீர் வரப் பாடுபட்டார். 1997 ஏப்ரல் 23-ம் தேதி, கடைக்குப் போன இடத்தில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பதவிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

நாம் இன்றைக்குக் கிராம சபையில் தண்ணீரைப் பற்றி எழுந்து பேசுகிறோம். நம்மை யாரும் வெட்ட வருவதில்லை, அதிகம் போனால் முறைப்பார்கள். அந்தத் துணிச்சல் நமக்குச் சும்மா வரவில்லை.

போனும் கையுமாக இருக்கிறவர்கள்

இப்போது மறுபக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊர் அக்கறை இல்லை என்கிறோமே, அது உண்மையா?

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். படகு எங்கே தேவை, சாப்பாடு எங்கே தேவை, எந்த வீட்டு மாடியில் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று போனில் சேதி பரப்பி, இடுப்பளவு தண்ணீரில் போனவர்கள் கல்லூரிப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளும்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியபோது ஒரு வாரம் ராத்திரி பகலாக இருந்தார்கள். பெண் பிள்ளைகளும் பயமில்லாமல் இருந்தார்கள். குப்பையை அவர்களே பொறுக்கினார்கள். கடைசி நாள் தடியடியில் முடிந்தது கசப்புதான். ஆனால் அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு இளைஞர்களைப் பற்றி நாம் பேசிய பேச்சை மாற்றியிருக்க வேண்டும். நாம் மாற்றவில்லை.

நம்ம மாவட்டத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு அனுமதி கொடுத்தது. மறுநாளே ஊர் கூடிவிட்டது. அந்தப் பந்தலில் நானும் போய் உட்கார்ந்தேன். முன்வரிசை முழுக்க வெற்றிலை இடித்துக்கொண்டு பாட்டிகள். பின்னால் பிள்ளைகள் போனில் படம் எடுத்து உலகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் கட்டம் 22 நாள். ஏப்ரலில் மறுபடி தொடங்கிய இரண்டாம் கட்டம் 174 நாள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். பாட்டிகள் உட்காராவிட்டால் பந்தல் நின்றிருக்காது. பிள்ளைகள் அனுப்பாவிட்டால் சேதி மாவட்டத்தைத் தாண்டியிருக்காது. அங்கே யாரும் யாரையும் பார்த்து "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்டு நான் பார்க்கவில்லை. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு நம்ம மாவட்டத்து ஒன்றியங்கள் சிலதும் சேர்ந்திருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் அந்த மாதிரிப் பந்தல்களும் இருக்கின்றன.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தென்னை எல்லாம் தலைகீழ். கம்பம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வெளியூரில் வேலை பார்த்த நம்ம பிள்ளைகள் லீவு போட்டுவிட்டு வந்து, மரம் அறுத்து வழி செய்து, தார்ப்பாயும் அரிசியும் கொண்டுவந்து இறக்கினார்கள். அடுத்த வருஷம் பேராவூரணியில் இளைஞர்கள் கைஃபா என்ற அமைப்பாகச் சேர்ந்து அந்த ஊர்ப் பெரிய குளத்தைத் தூர் வாரினார்கள். ஊர் அக்கறை இல்லாதவர்கள் குளம் வெட்டுவார்களா?

90-ம் 21-ம்

2021 அக்டோபரில் ஒன்பது மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. திருநெல்வேலி மாவட்டம் சிவந்திபட்டி ஊராட்சித் தலைவராக பெருமாத்தாள் என்கிற பாட்டி ஜெயித்தார். வயது 90. பக்கத்துத் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் சாருகலா என்கிற பொறியியல் படித்த பொண்ணு தலைவரானது. வயது 21. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்த வயது வந்ததும் நின்று ஜெயித்துவிட்டது. ஒரே தேர்தல், ஒரே பதவி, நடுவில் கிட்டத்தட்ட 70 வருஷம் வித்தியாசம். பாட்டிக்கு முடியாது என்றோ பாப்பாவுக்குத் தெரியாது என்றோ அந்த ஊர் மக்கள் நினைத்திருந்தால் இரண்டு பேருமே ஜெயித்திருக்க மாட்டார்கள்.

நம்ம கூட்டமைப்பில் என்ன செய்யலாம்?

இவ்வளவு எழுதியது பழங்கதை பேச இல்லை. நம்ம தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பதவியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆரம்பத்தில் வந்த நாங்கள்தான். புதுக்குழுக்களில் இளையவர்கள் கடனுக்கு வருகிறார்கள், கூட்டத்துக்கு வருவதில்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். உட்கார நாங்கள் இடம் விட்டோமா என்று கேட்டுக்கொண்டதில்லை. இன்னும் பத்து வருஷத்தில் நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தால், இந்தக் கூட்டமைப்பைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டாமா?

இளையவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். செயலியில் கணக்கு ஏற்ற உங்களுக்குத் தெரியும். ஆனால் வங்கி மேலாளர் "அப்புறம் வாங்க" என்று சொன்னால் எழுந்து வராமல் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். கடன் கட்ட முடியாமல் அழுகிற உறுப்பினர் வீட்டுக்கு எந்த நேரத்தில் போகணும், என்ன பேசக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அது எந்தச் செயலியிலும் இல்லை. எங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

செயற்குழுவில் நான் வைத்திருக்கிற யோசனைகள் இவை. அடுத்த பொதுக்குழுவில் பேசி முடிவெடுக்கலாம்.

முதலாவது, அடுத்த நிர்வாகிகள் தேர்வில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் ஒருவராவது 35 வயதுக்குக் கீழ் இருக்கட்டும். பழைய நிர்வாகி ஒருவர் ஒரு வருஷம் கூடவே இருந்து சொல்லிக்கொடுக்கட்டும்.

இரண்டாவது, கிராம சபைக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு மூத்தவரும் ஒரு இளையவரும் சேர்ந்தே போகட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. மூத்தவர் எழுந்து பேசட்டும், இளையவர் மனுவை எழுதி, தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று வாசித்துப் பார்க்கட்டும். அடுத்த தடவை மாற்றிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, கணக்குக் கேட்கிற யாரையும் "நீ எப்ப வந்தவ" என்று கேட்கக் கூடாது. இதை நான் என் பேருக்கே எழுதிக்கொள்கிறேன்.

அந்தப் பொண்ணு வீட்டுக்கு நான் போய்விட்டு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். "பாப்பா, நான் பேசினது தப்பு. நீ கேட்டதுதான் சரி" என்றேன். அது கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பெரியம்மா, நீங்க சைக்கிள் கத்துக்கிட்ட கதையை எங்க அம்மா சொல்லும். எங்க அம்மாவுக்கு நீங்கதானே ஓட்டக் கத்துக் கொடுத்தீங்க" என்றது. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

இப்போது அந்தப் பொண்ணுதான் நம்ம கணக்குக் குழுவில் இருக்கிறது. இந்தக் கட்டுரையைக் கையில் எழுதினது நான், கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது அது. வருஷமெல்லாம் சரியா இருக்கான்னு ரெண்டு தடவை என்னைக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடித்தது.